ஆறு குட்டிக் கதிரையும் ஒரு தாளும்: குடிக்கும் முன்னாள் போராளிக்கு ஊரோடு சேர்ந்து சிகிச்சைத் திட்டம் போடுவது எப்படி

நான் முன்பள்ளி ஆசிரியை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், வயலும் வாவியும் முட்டுகிற ஒரு ஊரில் பத்தொன்பது வருசமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்கிறேன். உளநல வேலையை நான் எங்கேயும் போய்ப் படிக்கவில்லை. என் தம்பியைக் கூட்டிக்கொண்டு அலைந்ததில் படித்தது.

தம்பி விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தவன். இடது தொடையில் செல் துண்டு ஒன்று இன்னும் கிடக்கிறது. புனர்வாழ்வு முடிந்து வந்து ஒரு வருசத்துக்குள் குடி பிடித்துவிட்டது. ஓர் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனேன். "முதல்ல குடியை விட்டுட்டு வரச் சொல்லுங்க, மறுகா மனசப் பாப்பம்" என்றார்கள். குடியை நிறுத்துகிற இடம் ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். "இவருக்கு மனவருத்தம் கிடக்கு, அதச் சுகமாக்கிட்டு வாங்க" என்றார்கள். அந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் ஒரு பஸ் ஹோல்ட். பஸ் ஹோல்ட்டுக்குப் பின்னால் ஒரு சாராயக் கடை. எங்கள் பயணம் ஒவ்வொரு முறையும் அங்கேதான் முடிந்தது.

மனசும் குடியும் ஒரே ஆளின் ஒரே உடம்புக்குள்தான் கிடக்கின்றன. அவற்றைப் பார்க்கிறவர்களும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும், அந்த ஆளும் கூட இருக்க வேண்டும். அப்படி உட்காருவதை நாங்கள் 'மேசை' என்கிறோம். இதை எங்கள் ஊரில் எப்படிச் செய்தோம் என்று எழுதுகிறேன். அக்கா தங்கச்சிமார், மனைவிமார், கிராம சேவகர், மருத்துவமாது, யாராக இருந்தாலும் இதைத் தொடங்கலாம். டாக்டராக இருக்கத் தேவையில்லை.

யாருக்காக

எங்கட பக்கத்தில் 'முன்னாள் போராளி' என்ற ஒரு சொல்லுக்குள் பல விதமான ஆட்கள். 2009 மேயில் போர் முடிந்தபோது புனர்வாழ்வு முகாம்களுக்குப் போன சுமார் 12,000 பேரில் கிழக்கைச் சேர்ந்தவர்கள் ஒரு வகை. 2004 மார்ச்சில் இயக்கம் இரண்டாகப் பிரிந்து, ஏப்ரலில் வெருகல் பக்கம் சண்டை நடந்த பிறகு வீட்டுக்குப் போகச் சொல்லி விடப்பட்டவர்கள் இன்னொரு வகை. அவர்களில் எத்தனையோ பேர் அப்போது பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள். அதற்கு முந்திய இயக்கங்களில் இருந்து இப்போது நரைத்துப்போனவர்களும் இருக்கிறார்கள். அம்பாறைப் பக்கம் போனால் ஊர்காவல் படையில் இருந்த முஸ்லிம், சிங்கள ஆட்கள், கால் இழந்த இராணுவத்தினர். இராணுவத்தினருக்கு ஓய்வூதியம் இருக்கிறது, அவர்கள் நலனைப் பார்க்க ரணவிரு சேவா அதிகாரசபை இருக்கிறது. எங்கட ஆட்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு வேர்த்து எழும்புவது எல்லாருக்கும் ஒன்றுதான்.

பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் அந்த மனவடு நோய்க்கு (PTSD) அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்ப் பட்டியலில் 1980 இல்தான் இடம் கொடுத்தார்கள். வியட்நாமில் இருந்து திரும்பிய படையினர் அதற்காகப் பல வருசம் போராட வேண்டியிருந்ததாம். தோற்ற பக்கமோ வென்ற பக்கமோ, திரும்பி வந்தவன் "எனக்கு வருத்தம்" என்று சொன்னால் நம்புவதற்கு எல்லா ஊரிலும் நாள் எடுக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இயக்கம் பிரிந்த பிறகு எதிரெதிர்ப் பக்கம் நின்ற இருவரை ஒரே நாளில் ஒரே மேசைக்குக் கூப்பிடாதீர்கள். நாங்கள் ஒரு முறை தெரியாமல் செய்தோம். இரண்டு பேரும் பிளேன்டீயைத் தொடாமல் எழும்பிப் போனார்கள். ஒருத்தர் பிறகு வரவே இல்லை.

கொப்பி இல்லாமல் மூன்று தரம் போங்கள்

கூட்டம் வைப்பதற்கு முதல் வீட்டுக்குப் போக வேண்டும். கையில் கொப்பியும் பேனையும் வேண்டாம். எங்கள் ஊருக்குக் கொப்பியோடு வந்தவர்கள் எல்லாரும் பெயர் எழுதத்தான் வந்தார்கள். ஒரு தொண்டு நிறுவனம் போட்டோவும் எடுத்து, நான்கு பக்கப் படிவமும் நிரப்பி, வாழ்வாதாரம் தருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனது. கோழிக்கூடுகூட வரவில்லை. அடுத்த கிழமை சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்து வாசலில் நின்றார்கள். இரண்டும் வேறு வேறு விசயமாக இருந்திருக்கலாம். தம்பியின் மனதில் இரண்டும் ஒன்றுதான்.

முதல் தரம் சும்மா போங்கள். முருங்கைக்காய் இருந்தால் கொண்டு போங்கள். சண்டையைப் பற்றிக் கேட்காதீர்கள். குடியைப் பற்றியும் கேட்காதீர்கள், அதை மனைவி ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கேட்கிறா. நித்திரையைப் பற்றிக் கேளுங்கள். "ராவைக்கு எத்தின மணிக்கு முழிப்பு வருது தம்பி?" நித்திரையில் யாருக்கும் வெட்கம் இல்லை. நான் கேட்ட ஆட்களில் பாதிப் பேருக்கு மேல் சொன்ன பதில் ஒரே பதில்: "நித்திரை கொள்ளத்தான் அக்கா குடிக்கிறன்."

அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. சாராயம் ஆளைச் சீக்கிரம் சாய்க்கும். நடுச்சாமம் தாண்டி, அது உடம்பை விட்டு இறங்கும்போது நித்திரை துண்டு துண்டாகும், கனவு கூடும். கெட்ட கனவு வந்தவன் அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கூடக் குடிப்பான். இதை மண்ணில் ஒரு வட்டம் கீறிக் காட்டினால் போதும், விரிவுரை தேவையில்லை.

இரண்டாம் தரம் நோவைப் பற்றிக் கேளுங்கள். உடம்புக்குள் இரும்பு கிடக்கிறவர்கள், முறிந்த எலும்பு கோணலாகப் பொருந்தியவர்கள் நோவுக்காகவும் குடிக்கிறார்கள். மருந்துக்கடையில் டாக்டர் துண்டு இல்லாமல் வாங்கும் குளிசை ஏதும் இருந்தால் அதன் அட்டையைப் பார்த்து வையுங்கள், டாக்டருக்குத் தேவைப்படும். அதே நாள் கடனும் தானாக வெளியே வரும். கிழமைக் கடன்காரர் எந்த நாளில் மோட்டார் சைக்கிளில் வருகிறார் என்று தெரிந்தால், எந்த நாளில் குடி கூடுகிறது என்பது அரைவாசி விளங்கிவிடும்.

மூன்றாம் தரம்தான் குடியின் அளவு. உலக சுகாதார நிறுவனம் தயாரித்த பத்துக் கேள்விகள் இருக்கின்றன, கிளினிக்கில் கேட்டால் தருவார்கள். எட்டுப் புள்ளியோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும். கணக்கில் எல்லாரும் தடுமாறும் இடம் ஒன்று: 'ஒரு கால் போத்தல்தான்' என்பார்கள். 180 மில்லிலீற்றர், 33 வீதச் சாராயம் என்றால் அதற்குள் ஏறக்குறைய 47 கிராம் சுத்த மதுசாரம். பத்துக் கிராமை ஓர் அளவு என்று வைத்தால் கிட்டத்தட்ட ஐந்து அளவு. களவாகக் காய்ச்சும் கசிப்பு என்றால் கணக்கே போட ஏலாது. வடிக்க ஊறவைக்கும் கோடாவில் என்ன போட்டார்கள், எவ்வளவு வடித்தார்கள் என்பது காய்ச்சினவனுக்கே தெரியாது. மெதனோல் கலந்தால் கண் போகும், உயிரும் போகும்.

திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள்

எல்லாவற்றையும் விட இதைத்தான் நான் பிந்திப் படித்தேன், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

தினமும் கூடக் குடிக்கிற ஒருவரை அறையில் பூட்டியோ, அம்மன் சந்நிதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கியோ ஒரே நாளில் நிறுத்தினால் ஆள் சாகலாம். கடைசியாகக் குடித்து ஆறு மணித்தியாலத்தில் இருந்து கை நடுக்கம், வேர்வை, சத்தி, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாள் இல்லாத ஆட்களைப் பார்ப்பது, இல்லாத பூச்சியைத் தட்டுவது, இடம் நேரம் தெரியாமல் கத்துவது வரலாம். எங்கள் ஊரில் இந்தக் கட்டத்தைப் 'பேய் பிடிச்சிட்டு' என்று அம்மன் கோயிலில் பூசை செய்யும் கட்டாடியாரிடம் கூட்டிப் போவார்கள். போராளியாக இருந்தவர் அந்த நேரம் ஆமி வருகிறது என்று கட்டிலுக்குக் கீழே படுத்தால், பழைய ஞாபகம்தான் திரும்புகிறது என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். இரண்டும் இல்லை. அது குடி இறங்குகிற உடம்பு, ஆஸ்பத்திரி வாட்டில் படுக்க வேண்டிய உடம்பு. 1990 க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

ஆகவே, முன்பு வலிப்பு வந்தவர், காலையில் எழும்பியவுடன் ஒரு மிடறு இல்லாமல் கை நிற்காதவர், தனியே இருப்பவர் ஆகியோர் வீட்டில் நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் முதலே கதைத்து, வாட்டில் சேர்த்து, படிப்படியாகக் குறைக்கும் மருந்தோடும் தயமின் என்ற விற்றமினோடும் நிறுத்த வேண்டும். சரியாகச் சாப்பிடாமல் குடித்தவர்களுக்குத் தயமின் குறைந்தால் மூளை பழுதாகும். 'வெறும் விற்றமின்தானே' என்று அந்த ஊசியை விட்டுவிடாதீர்கள்.

சத்தியத்தைப் பற்றி ஒன்று. கோயிலை நான் குறை சொல்லவில்லை. வைகாசிச் சடங்குக்கு நானும் நேர்த்தி வைக்கிறவள்தான். ஆனால் சத்தியம் முறிந்த பிறகு அந்த ஆள் கோயில் பக்கமே வரமாட்டான். குடியும் மிஞ்சும், கோயிலும் போய்விடும். கட்டாடியார் நூல் கட்டட்டும், திருநீறு போடட்டும். 'குடிக்க மாட்டேன்' என்ற சொல்லை மட்டும் வாங்க வேண்டாம் என்று அவரிடம் போய்க் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

கதிரைகள்

எங்கள் மேசை முன்பள்ளியில், சனிக்கிழமை பத்து மணிக்கு. மாவட்டச் செயலகமான கச்சேரியும் வேண்டாம், பிரதேச செயலகமான டிஎஸ் ஒபிசும் வேண்டாம். அந்தக் கட்டடங்களில் எங்கட ஆட்கள் நின்ற வரிசைகளெல்லாம் நல்ல வரிசைகள் இல்லை. பத்து மணி ஏனென்றால், விடியலில் கை நடுங்கும், மத்தியானத்துக்குப் பிறகு ஆள் நிதானத்தில் இருக்கமாட்டார்.

முன்பள்ளியில் இருப்பவை குட்டிப் பிளாஸ்டிக் கதிரைகள்தான். முதல் முறை வந்த உத்தியோகத்தர் ஐயா தனக்குப் பெரிய கதிரை தேடினார். இல்லை என்றேன். முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தவர், அன்றைக்கு யாரையும் அதட்டவில்லை. அதற்குப் பிறகு ஒருவர் பெரிய கதிரை வாங்கித் தர வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆறு கதிரை. அதற்கு மேல் போனால் அது கூட்டம்.

முதல் கதிரை அவருக்கு. அதை அவரே தெரிவு செய்யட்டும். பெரும்பாலும் சுவரில் முதுகு படும்படி, வாசல் தெரியும்படி இருப்பதைத்தான் எடுப்பார். அந்த இடத்தை வேறு யாரும் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, அவர் கூப்பிடுகிற ஒரு ஆள். மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எங்கட பக்கத்தில் குடி என்றால் இரண்டு குடி, ஒன்று சாராயம், மற்றது வம்சம். 'நீங்க என்ன குடி' என்று கேட்டால் தாய்வழிக் குடியைத்தான் சொல்வோம். தாய்மாமன் சொல்லுக்கு இன்னும் ஒரு பாரம் உண்டு, சிலர் மாமனைக் கூப்பிடுவார்கள். மூன்றாவது, மருந்து தருகிறவர், அதாவது உளநல வைத்திய அதிகாரியோ சமூக உளநலத் தாதியோ. வர ஏலாவிட்டால் போனில் ஸ்பீக்கரைப் போட்டு அந்தக் கதிரையில் போனை வையுங்கள். கதிரையை எடுத்துவிடாதீர்கள். நாலாவது, பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தர் அல்லது மருத்துவமாது. ஐந்தாவது, சமூக சேவை உத்தியோகத்தர் போல் பணம், உதவி, விண்ணப்பம் தெரிந்த ஒருவர். ஆறாவது, அவரோடு வேலை செய்கிறவர் அல்லது அயலவர். இந்த ஆறாவது கதிரையைத்தான் எல்லாரும் மறப்பார்கள்.

பொலிஸ், இராணுவ முகாம் ஆட்கள், அரசியல்வாதியின் இணைப்பாளர், வெளியூரில் இருந்து பார்க்க வந்தவர், ஒருவருக்கும் கதிரை இல்லை. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரோ சுவாமியாரோ அவர் விரும்பினால் மட்டும். போட்டோ எடுக்கக் கூடாது. வந்தவர்களுக்குக் கையெழுத்துப் புத்தகமும் இல்லை. 'வருகைப் பதிவு வேண்டும்' என்று கேட்டவருக்கு, 'உங்கட டயறியில் உங்கட பெயரை மட்டும் எழுதுங்க ஐயா' என்றேன்.

தாள்

ஒரு தாள், ஒரு பக்கம், அவர் சொன்ன சொற்களில். தலைப்பில் பெயரும் வேண்டாம், 'முன்னாள் போராளி' என்ற சொல்லும் வேண்டாம். நாங்கள் ஒரு பூவோ பறவையோ கீறிவைப்போம். பிள்ளைகள் தங்கள் கொப்பியை அடையாளம் பிடிப்பது போல. தாள் அவரிடம் இருக்கும், ஒரு பிரதி அவருடைய கிளினிக் கொப்பிக்குள். வேறு பிரதி இல்லை.

'உங்கட இலக்கு என்ன' என்று கேட்டால் ஆள் வாய் திறக்கமாட்டார். நான் கேட்பது: "அடுத்த மாசம் இந்த நேரம் என்ன ஒண்டு மாறியிருந்தா, பரவாயில்ல எண்டு சொல்லுவீங்க?" கேட்ட பிறகு பேசாமல் இருங்கள். உத்தியோகத்தர்களுக்கு அந்த மௌனம் தாங்காது, இருமுவார்கள், பைலைத் திறப்பார்கள். கண்ணைக் காட்டி அடக்குங்கள்.

தம்பியின் மேசையில் அந்த மௌனம் நீண்டுகொண்டே போனது. கடைசியில் ஒரு சொல் சொன்னான்: "கதவு."

எனக்கே விளங்கவில்லை. அவனுக்குக் கதவைச் சாத்தினால் நித்திரை வராது. அவன் மனைவிக்குக் கதவைத் திறந்து வைத்தால் நித்திரை வராது, ஏனென்றால் ஆனை. வீட்டுக்குள் நெல் மூட்டை வைத்திருந்த அயல் வீட்டுச் சுவரை ஆனை உடைத்து அதிக நாள் ஆகவில்லை. ஆகவே அவன் விறாந்தையில் பாய் போட்டான். நாய் குரைக்கும் ஒவ்வொரு தடவையும் எழும்பினான். எழும்பாமல் இருக்கக் குடித்தான். ஆறு வருசம் நடந்திருக்கிறது. கிளினிக்கில் நித்திரை வரவில்லை என்று சொல்லியிருக்கிறான், குளிசையைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கதவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை, அது ஒரு வருத்தம் என்று அவனுக்கே தோன்றவில்லை.

ஆறாவது கதிரையில் இருந்தவர் ஒரு மேசன். தம்பி அவருக்குக் கையாளாகப் போகிறவன். அவர் சொன்னார்: "தலைமாட்டில ஒரு ஜன்னல் வெச்சா சரி வருமா மச்சான்?"

பழைய ஜன்னல் ஒன்று, கம்பி போட்டது, அவர் வீட்டிலேயே கிடந்தது. அரைப் பை சீமெந்து. தாளின் முதல் வரி: 'படுக்கிற இடத்தில் ஜன்னல். வைப்பது மேசன் அண்ணன். வருகிற ஞாயிறு.' இரண்டாவது வரி: 'நித்திரைக் குளிசையைக் கூட்டாமல் மூன்று கிழமை பார்ப்பது. பார்ப்பவர் டாக்டர்.' மூன்றாவது: 'தொடை நோவுக்கு எக்ஸ்றே. கூட்டிப் போவது அக்கா.' நாலாவதாகத்தான் குடி வந்தது, அதுவும் வாட்டில் சேரும் நாளோடு.

ஜன்னல் வைத்ததும் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். அன்றைக்கு ராத்திரியும் குடித்தான். ஆனால் இரண்டு கிழமையில் ஒரே மூச்சாக நாலு மணித்தியாலம் நித்திரை கொண்டான். அதற்குப் பிறகுதான் 'வாட்டுக்குப் போவம்' என்று அவன் வாயாலே சொன்னான்.

ஒவ்வொரு வரியிலும் மூன்று விசயம் இருக்க வேண்டும்: என்ன, யார், எந்த நாள். 'விழிப்புணர்வு வழங்கல்' என்று ஓர் உத்தியோகத்தர் எழுதச் சொன்னார். 'யாருக்கு ஐயா, எந்த நாள்?' என்று கேட்டேன். அழித்துவிட்டார். நாலு வரிக்கு மேல் வேண்டாம்.

வாடியில் உள்ள போத்தல்

எங்கட வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு. சீதனமாகப் பெண்பிள்ளைக்குத்தான் வீடு போகும், மாப்பிள்ளை வந்து குடியிருப்பான். குடிக்கிறவனை 'வெளிய போ' என்றால் அவனுக்குப் போக இடம் வயல்வெளிக்குள் இருக்கும் காவல் குடிசையான வாடிதான். வாடியில் என்ன இருக்கும்? பாய், டோர்ச், வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினிப் போத்தல். குடித்து, அவமானப்பட்டு, தனியே, அந்தப் போத்தலுக்குப் பக்கத்தில் ஓர் ஆள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு பதறும்.

1995 அளவில் இந்த நாட்டில் ஒரு லட்சம் பேரில் 47 பேர் அளவில் தற்கொலை செய்துகொண்டார்கள். நஞ்சு கூடிய கிருமிநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. சாகத் தூண்டும் அந்த அந்தரம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணியும். கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால் ஆள் பிழைத்துவிடுகிறார்.

அமெரிக்காவில் முன்னாள் படையினருக்கான ஆஸ்பத்திரிகளில் ஒரு பாதுகாப்புத் திட்டம் பாவிக்கிறார்கள். அதை நாங்கள் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறோம். எனக்கு ஆபத்து வருகிறது என்று எப்படித் தெரியும். நானே என்ன செய்து பார்ப்பேன். எந்த இடத்துக்கு, யாரிடம் போய்க் கவனத்தைத் திருப்புவேன். யாரிடம் உதவி கேட்பேன். எந்த டாக்டர், எந்த இலக்கம். கையில் படக் கூடாதது எங்கே இருக்கும். இந்த ஆறும்தான். ஒருவர் முதலாவதற்கு 'சைக்கிளைத் துடைக்கத் தொடங்குவேன்' என்றார். அவர் மகளுக்கு இப்போது தெரியும், அப்பா சும்மா இருந்து சைக்கிள் துடைத்தால் மாமாவைக் கூப்பிட வேண்டும். இலக்கத்துக்கு 1926, தேசிய மனநல உதவி இலக்கம். ஆறாவதற்குப் போத்தலைப் பக்கத்து வீட்டு அலுமாரியில் பூட்டி, திறப்பை அந்த வீட்டு அம்மாவிடம் கொடுத்தோம். மருந்து அடிக்கும் நாளில் போய் வாங்கிக்கொள்வார்.

நேராகக் கேளுங்கள்: "சாக வேணும் எண்டு நினைப்பு வந்ததா?" கேட்டால் நினைப்பை ஊட்டிவிடுவோம் என்று பயப்படத் தேவையில்லை. 'ஓம்' என்றால் அன்றைக்குத் தாள் இல்லை, ஆஸ்பத்திரிதான். தனியே விடாதீர்கள்.

காலண்டர்

சுவர்க் காலண்டர் ஒன்றில் அவரோடு இருந்து நாட்களைச் சுற்றிவையுங்கள். மே 18, போர் முடிந்த நாள். நவம்பர் 27, மாவீரர் நாள். டிசம்பர் 26, சுனாமியில் பிள்ளையைக் கொடுத்தவர்களும் இதில் இருக்கிறார்கள். அவர் காயப்பட்ட நாள், கூட இருந்தவர் போன நாள். பிறகு சூடடிப்புக் காலம், கையில் காசு வருகிற மாசி, பங்குனி. நவம்பர் கடைசியில் ஞாபகமும் வரும், விசாரிக்க ஆட்களும் வருவார்கள், மழையில் வேலையும் இருக்காது. மூன்றும் ஒன்றாக வருகிற கிழமை அது. அந்தக் கிழமைக்கு முன்னதாகவே கிளினிக் நாளைப் போடச் சொல்லிக் கேளுங்கள், யார் எந்த ராத்திரி கூட இருப்பது என்று எழுதுங்கள்.

பஸ்ஸையும் அதே காலண்டரில் பாருங்கள். மண்முனைப் பாலம் 2014 இல் திறந்த பிறகு எங்களுக்குப் பட்டணம் கிட்டத்தான். அதற்கு முதல் 'பாதை' என்கிற மிதவையில் ஏறி வாவி கடக்க வேண்டும். ஆனால் பாலம் இருந்தாலும் உள்ளூருக்கு நேரத்துக்குப் பஸ் இல்லை. எட்டு மணிக் கிளினிக்குக்குப் பத்து மணிக்குப் போய் ஏச்சு வாங்கினவர் அடுத்த மாசம் வரமாட்டார். மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போகிறவர் யார் என்பதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான், தாளில் எழுதுங்கள்.

மருந்தைப் பற்றிக் கொஞ்சம்

குடியால் வந்த சோர்வு குடி நின்று மூன்று நாலு கிழமையில் தானாகக் குறையலாம். குறையாவிட்டால் அது தனி வருத்தம், அதற்கு மருந்து வேண்டும். ஆனால் 'நாலு கிழமை கழித்து வாங்க' என்று திருப்பி அனுப்ப இது சாட்டு இல்லை. அந்த நாலு கிழமையும் ஆரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மனச்சோர்வு மருந்து வேலை காட்ட இரண்டு தொடக்கம் நாலு கிழமை எடுக்கும் என்று முதலே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் ஐந்தாம் நாள் பரணில் கிடக்கும். நித்திரைக் குளிசையும் சாராயமும் சேர்ந்தால் மூச்சு நின்றுபோகலாம்.

சோற்றில் கலந்து கொடுக்கும் மருந்து கேட்டு மனைவிமார் என்னிடம் வருவார்கள். டைசல்பிராம் என்ற மருந்து இருக்கிறது. குடித்தால் முகம் சிவந்து, சத்தி எடுத்து, நெஞ்சு அடித்து, இரத்த அழுத்தம் விழும். ஆளுக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டியது. களவாகக் கொடுத்தால் கொலையில் முடியலாம். ஆள் பிழைத்தால் அந்த வீட்டில் ஒரு பிடி சோறும் நம்பிச் சாப்பிடமாட்டார்.

மனைவிமாரும் பெண் போராளிகளும்

மனைவியைத் தனியே சந்தியுங்கள், வேறு நாளில், மருத்துவமாது மூலம். அடி விழுகிறதா என்று புருசன் முன்னால் கேட்டால் 'இல்லை' என்றுதான் சொல்லுவா. விழுகிறதென்றால் அவவின் பாதுகாப்புக்கு வேறு தாள், வேறு ஆட்கள், அது முதலாவது. அவவும் நித்திரை இல்லாதவதான்.

பெண் போராளிகள் எங்கள் மேசைக்கு மூன்று வருசமாக ஒருத்தரும் வரவில்லை. அவர்களுக்குப் பிரச்சினை இல்லை என்று நினைத்தேன். அது என் பிழை. அவர்கள் குடிப்பதில்லை. நோக் குளிசை, நித்திரைக் குளிசை, அடுப்படியில் தனியே. கல்யாணம் பேசும்போது மறைத்த விசயத்தை முன்பள்ளியில் வந்து கதைப்பார்களா? அவர்களுக்கு மேசை சரிவராது. தையல் மெசின் பழுது பார்க்கும் சாட்டில் ஒருத்தி வீட்டில் மூன்று பேர் கூடுகிறார்கள். நான் கூப்பிட்டால் மட்டும் போவேன்.

மேலே கொண்டுபோவது

ஆறு மாசத்துக்கு ஒரு முறை தாள்களில் முடியாமல் கிடக்கும் வரிகளை மட்டும் பெயர் இல்லாமல் ஒன்றாக எழுதி, பிரதேச செயலகத்துக்கும் சுகாதார வைத்திய அதிகாரியின் எம்ஓஎச் ஒபிசுக்கும் கொடுக்கிறோம். 'கிளினிக் எட்டு மணிக்கு, பஸ் ஒன்பதரைக்கு.' 'குடிப் பிரிவும் மனநலப் பிரிவும் வேறு வேறு கிழமை.' இப்படித்தான். இதற்கு யாரும் கோபிக்க முடியாது, யாரையும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. இரண்டு தரம் பதில் இல்லை. மூன்றாம் தரம், தூரத்து ஊர் ஆட்களை மட்டும் பதினொரு மணிக்கும் பார்ப்பதென்று கிளினிக்கில் ஒத்துக்கொண்டார்கள். இரண்டு பிரிவும் இன்னும் வேறு வேறு கிழமைதான்.

ஒருவர் திரும்பக் குடித்தால் தாளைக் கிழிக்காதீர்கள். எந்த வரி முறிந்தது, அதற்கு முதல் நாள் என்ன நடந்தது என்று பார்த்து, அந்த வரியை மட்டும் மாற்றுங்கள். தம்பியின் தாள் பதினொரு தரம் மாறியிருக்கிறது.

அவன் இப்போது மற்றவர்களின் மேசைக்கு ஆறாவது கதிரைக்கு வருகிறான். வந்து வாசல் பக்கம் உட்கார்ந்து, முதல் கேள்வியாக, "கதவப் பூட்டியா படுக்கிறீங்க?" என்று கேட்பான். நல்ல கேள்வி, தாளிலேயே முதல் வரியாகப் போட்டோக்கொப்பி அடித்து வைப்போம் என்றேன்.

"அடிக்காதீங்க அக்கா" என்றான். "போன கிழமை வந்தவருக்குக் கதவு ஒரு பிரச்சினையும் இல்ல. அவருக்குச் சப்பாத்துச் சத்தம்."

முதல் வரியை வெறுமையாக விட்டுத்தான் அடித்தோம்.